பகல் 11 மணி கேம் ஷோ: ஏன் ஓடியது, ஏன் நின்றது, சேலத்தில் இன்று நடத்துவதென்றால்

கேள்வி இதுதான்: சேலத்தில் ஒரு லோக்கல் கேபிள் சேனல். காலை 11 முதல் 12 வரை பழைய பாட்டுதான் ஓடுகிறது. அந்த நேரத்தில் அரை மணி கேம் ஷோ ஒன்று தொடங்கலாமா? பெரிய சேனல்களே பகலில் அதைக் கைவிட்டுவிட்டன என்றால் காரணம் என்ன? தொடங்குவதென்றால் எப்படி?

தொடங்கலாம். ஆனால் ராத்திரி ஒளிபரப்பாகும் கோடி ரூபாய் நிகழ்ச்சியைச் சின்னதாக்கிப் பகலில் போட்டால் இரண்டு வாரத்தில் படுத்துவிடும். ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர் கண்ணால் பார்க்கிறார். பகலில் டிவி போட்டிருப்பவருக்குக் கையில் வேலை இருக்கிறது, அவர் காதால்தான் பார்க்கிறார். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே கொலுசுக்குச் சலங்கை கோப்பவர், அம்மாப்பேட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றுகிறவர், ஆட்டையாம்பட்டியில் முறுக்குச் சுற்றுகிறவர், யாருமே கண்ணை எடுத்து டிவியில் வைக்க முடியாது. சலங்கை எண்ணிக்கை தப்பினால் கூலி போச்சு. பகல் நேர கேம் ஷோ வளர்ந்ததும் தேய்ந்ததும் இந்தக் காதைச் சுற்றித்தான்.

முதலில் அது பிறந்த இடம். அமெரிக்காவில் 'தி பிரைஸ் இஸ் ரைட்' 1956-ல் என்பிசி சேனலில் பகல் நிகழ்ச்சியாகத் தொடங்கியது. பொருளைக் காட்டுவார்கள், விலையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். 'லெட்ஸ் மேக் எ டீல்' 1963-ல் வந்தது, 'ஜெப்பர்டி' 1964-ல், 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' 1975 ஜனவரியில். நாலுமே பகலில் பிறந்தவை. காரணம் சிக்கனம். ஒரே செட், ஒரே தொகுப்பாளர். ஒரே நாளில் ஐந்து எபிசோட் எடுத்து ஒரு வாரத்தை முடித்துவிடலாம். பரிசுப் பொருளைக் கம்பெனியே கொடுத்து, அதன் பெயரை அறிவிப்பாளர் வாசிப்பதற்குப் பணமும் கட்டும். நாடகத்துக்குக் கதை எழுத ஆள் வேண்டும், நடிகர் வேண்டும். இதில் நடிப்பவர் வாசலில் வரிசையில் நிற்கும் பொதுஜனம்.

1958-ல் வந்த ஊழல்தான் பகல் ஷோவைத் தூக்கிவிட்டது என்றால் நம்பச் சற்றுக் கஷ்டமாக இருக்கும். அப்போது ராத்திரி நேரத்தில் பெரிய பணம் வைத்த க்விஸ் நிகழ்ச்சிகள் அமெரிக்காவை ஆட்டிப் படைத்தன. 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியில் விடையை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து, எங்கே யோசிப்பதுபோல முகத்தைத் துடைக்க வேண்டும் என்பது வரை பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதில் ஜெயித்துப் புகழ்பெற்ற கல்லூரி ஆசிரியர் சார்லஸ் வான் டோரன் 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். க்விஸ் முடிவை ஏற்பாடு செய்வது குற்றம் என்று 1960-ல் சட்டமே வந்தது. ராத்திரி க்விஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக மூடப்பட்டன. பகலிலும் ஒன்றிரண்டு மாட்டின, ஆனால் சின்னப் பரிசுக்கு நடந்த மற்ற ஆட்டங்கள் தப்பித்தன. பிரிட்ஜும் சோபாவும் ஜெயிக்க யார் சதி செய்யப்போகிறார்? அந்தச் சின்னத்தனமே அவற்றுக்குக் கவசமாக இருந்தது. உங்கள் சேனலுக்கும் அதுவே கவசம். முதல் பரிசைப் பெரிதாக்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

சரிவுக்கு வருவோம். 1971-லிருந்து அமெரிக்காவில் மாலைச் செய்திக்குப் பிந்திய அரை மணி நேரத்தைப் பெரிய நெட்வொர்க்குகள் (நாடு முழுக்க நிகழ்ச்சி கொடுக்கும் சேனல்கள்) லோக்கல் நிலையங்களுக்கு விட வேண்டும் என்ற விதி அமலானது. அந்த இடத்தை நிரப்ப மலிவான சரக்கு தேவைப்பட்டது. 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' 1983-லும் 'ஜெப்பர்டி' 1984-லும் அந்த மாலை நேரத்தைப் பிடித்தன. நல்ல மாடுகள் மாலைத் தொழுவத்துக்குப் போய்விட்டன. 1986-ல் ஓப்ரா வின்ஃப்ரியின் பேச்சு நிகழ்ச்சி நாடு முழுக்கப் பரவியதும், பேச்சு நிகழ்ச்சிக்குச் செட்டும் பரிசும்கூடத் தேவையில்லை, இரண்டு நாற்காலி போதும் என்று நிலையங்களுக்குப் புரிந்தது. இன்னொரு பக்கம் விளம்பரதாரர்கள் 18 முதல் 49 வயது வரை உள்ள பெண்களுக்குத்தான் பணம் கொடுப்போம் என்றார்கள். பகல் ஷோவைப் பார்த்தவர்களில் பெரும்பகுதி அதற்கு மேற்பட்ட வயதினர். பெண்கள் வேலைக்குப் போகப் போக, பகலில் வீட்டில் மிஞ்சியது பாட்டி தாத்தாதான். 1994 ஜனவரிக்குப் பிறகு பெரிய நெட்வொர்க்குகளின் பகல் நேரத்தில் மிஞ்சிய ஒரே கேம் ஷோ, காலை 11 மணிக்கு வரும் 'தி பிரைஸ் இஸ் ரைட்' மட்டுமே. அடுத்த துணை வர 2009 ஆயிற்று. 72 வருஷம் ஓடிய ஒரு சீரியலை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் 'லெட்ஸ் மேக் எ டீல்' நிகழ்ச்சியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வானொலிக் காலத்தையும் சேர்த்து 72. சீரியல் எடுக்கும் செலவு கேம் ஷோவைவிட அதிகம் என்ற பழைய கணக்கு திரும்பவும் ஜெயித்தது.

தமிழில் கதை வேறு. நம் பெரிய கேம் ஷோக்கள் பகலில் பிறக்கவே இல்லை என்பதுதான் நேர்மையான பதில். சன் டிவி 1993 ஏப்ரல் 14-ல் வந்தது. அமிதாப் பச்சனின் இந்தி நிகழ்ச்சி 2000 ஜூலை 3-ல் தொடங்கி வெறி பிடிக்க வைத்த கையோடு, சன் டிவியில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தினார். ஜெயா டிவியில் குஷ்புவின் 'ஜாக்பாட்', சன் டிவியில் ரம்யா கிருஷ்ணனின் 'தங்க வேட்டை', பிறகு 2012-ல் விஜய் டிவியில் சூர்யாவின் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என எல்லாமே குடும்பம் கூடி உட்காரும் நேரத்துக்கானவை. பகலில் நம்மிடம் இருந்தது போன் போட்டுப் பேசும் நிகழ்ச்சி. பாட்டு கேட்பது, ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது, ஸ்பான்சர் தரும் சின்னப் பரிசு. "உங்க டிவி சவுண்டைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கங்க" என்ற வாக்கியம் அந்தக் காலத்தின் தேசிய கீதம். அதுதான் நம் பகல் கேம் ஷோ, மரியாதை கிடைக்காத வகை.

அது ஏன் போயிற்று? முதல் காரணம் சீரியல். தமிழ்ச் சேனல்களில் தயாரிப்பாளர் ஸ்லாட்டுக்குப் பணம் கட்டி, தனக்குக் கிடைக்கும் விளம்பர நிமிடங்களை விற்று லாபம் பார்க்கும் முறை வேரூன்றியது. அந்தக் கணக்கில், நாளைக்கு என்ன ஆகும் என்று இழுத்துப் போகும் சீரியல்தான் விற்கும். கேம் ஷோவில் இன்றைய ஆட்டம் இன்றோடு சரி. மறு ஒளிபரப்பிலும் அதே வித்தியாசம். சீரியலை மத்தியானம் மறுபடி போடலாம், வேறு மொழியில் டப் செய்யலாம். விடை தெரிந்த கேள்வியை யார் திரும்பக் கேட்பார்? (அமெரிக்காவில் இதற்கு விதிவிலக்கு உண்டு: பழைய கேம் ஷோக்களை நாள் முழுக்க ஓட்டுவதற்கென்றே தனிச் சேனல் ஒன்று 1994 டிசம்பரில் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. அங்கே ஜனங்கள் விடைக்காகப் பார்ப்பதில்லை, பழைய தொகுப்பாளர்களுக்காகப் பார்க்கிறார்கள். நம் லோக்கல் சேனல்கள் பழைய டேப்பை வைத்திருந்தால்தானே.)

இரண்டாவது காரணம், அதிகம் பேசப்படாதது: கரண்ட். 2006-லிருந்து அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சியை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கொடுத்தது. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. பகல் நேரப் பார்வையாளர் தொகை பெருகியிருக்க வேண்டிய காலம் அது. ஆனால் 2008 தொடங்கி 2013 வரை மின்வெட்டு. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளுக்கு 8 மணி நேரத்தையும் தாண்டியது. தறியும் நின்றது, டிவியும் நின்றது. பாதியில் கரண்ட் போன சீரியலின் மிச்சத்தைப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம், மறுநாள் முன்கதைச் சுருக்கம் போடுவார்கள். பாதியில் போன கேம் ஷோவை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. என் கணிப்பில் லைவ் போன் நிகழ்ச்சிகளுக்கு விழுந்த அடிகளில் இது பெரியது.

மூன்றாவது, கட்டண போன். நடிகரின் கண்ணை மட்டும் காட்டி "யார் இவர்?" என்று கேட்டு, நிமிடக் கட்டணத்தில் அழைப்பவரை லைனில் காக்கவைக்கும் வகை. அதில் பார்வையாளர்தான் சரக்கு. இந்த நோய் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை பிரிட்டனில் பாருங்கள்: காலை நிகழ்ச்சியான ஜிஎம்டிவியின் போட்டிகளில், ஜெயிக்க வாய்ப்பே இல்லாத நேரத்திலும் கட்டண அழைப்பை வாங்கிக்கொண்டே இருந்தார்கள் என்று 2007-ல் 20 லட்சம் பவுண்டு அபராதம். மறு ஆண்டு ஐடிவிக்கு 56 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு. நம்பிக்கை போனபின் ஆட்டத்தில் என்ன மிச்சம்?

இனி நடத்துவது எப்படி.

30 நிமிட ஸ்லாட்டில் விளம்பரம் போக உங்களுக்கு 22 நிமிடம். அறிமுகம், பரிசு, விடைபெறுதல் என்று 4 நிமிடம் கழித்தால் 18. ஒரு கேள்வியை வாசித்து, பதில் வாங்கி, தொகுப்பாளர் ஒரு வார்த்தை சொல்ல 25 நொடி ஆகும். ஆக 43 கேள்விக்கு மேல் போகாது. ஆனால் எபிசோடுக்கு 60 எழுதுங்கள். ரத்தாவது, தகராறாவது, விடை வாய் தவறி வெளியே வருவது எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்தைச் சாப்பிடும். ஒரே நாளில் ஐந்து எபிசோட் எடுத்தால் 300 கேள்வி. கேள்வி எழுதியவர் அன்று போட்டியாளர் பக்கமே தலைகாட்டக் கூடாது. ஐந்து உறை, ஒவ்வொன்றிலும் ஒரு எபிசோட், கேமரா ஓடத் தொடங்கியபின் உடைப்பது.

கேள்வி எழுதுவதில்தான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள். தமிழில் கேள்விச் சொல் கடைசியில் வருகிறது. "மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட" என்பது வரை கேட்டவருக்கு, வரப்போவது 'ஆண்டு எது' என்பதா, 'காலத்தில் இருந்த கவர்னர் யார்' என்பதா என்று தெரியாது. ஆங்கில நிகழ்ச்சியைப் பார்த்து, பாதியில் பஸ்ஸர் அடிக்கலாம் என்று விதி வைத்தால், அடிப்பவர் குருட்டாம்போக்கில் அடிக்கிறார், வீட்டில் கேட்பவருக்கோ கேள்வியே முழுசாகக் காதில் விழுவதில்லை. அமெரிக்காவின் 'ஜெப்பர்டி'யிலேயே இந்தக் குறுக்கீட்டை 1985-ல் நிறுத்திவிட்டார்கள். வாசித்து முடித்தபின்தான் பஸ்ஸர் உயிர் பெறும், முந்தி அழுத்தினால் கால் நொடி பூட்டிக்கொள்ளும். நீங்களும் அப்படியே வையுங்கள். இன்னொரு வழி, கேள்விச் சொல்லை முன்னால் இழுப்பது: "எந்த ஆண்டு என்று சொல்லுங்கள்: மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது." கை வேலையில் இருப்பவர் முதல் சொல்லிலேயே தயாராகிவிடுகிறார்.

அடுத்தது, ஒரே விடைதானா என்ற சோதனை. "மேட்டூர் அணையின் உயரம் எவ்வளவு?" என்று கேட்டால் சேலத்தில் குழந்தையும் 120 அடி என்று சொல்லும். 120 என்பது தண்ணீரைத் தேக்கும் முழு மட்டம். கட்டுமானத்தின் உயரம் 214 அடி. அட்டையில் எது எழுதியிருந்தாலும் அன்று சண்டைதான். "மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் எத்தனை அடி?" என்று கேட்டால் வம்பில்லை. அதேபோல் "ஏற்காடு மலைப்பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு?" 20 என்பது அடிவாரத்திலிருந்து ஏறும் பழைய பாதைக்கு. குப்பனூர் வழியாக வருகிறவர் விடமாட்டார். "ஏற்காட்டின் உயரம்?" ஏரிக்கரையிலா, 1,623 மீட்டரில் இருக்கும் சேர்வராயன் கோயிலிலா? உள்ளூர்க் கேள்வி இனிக்கும், ஆனால் உள்ளூர்க்காரனுக்குத்தான் அதில் ஓட்டை தெரியும். எழுதியவர் அல்லாத இன்னொருவர், "வேறு என்ன விடை சரியாகலாம்?" என்று ஒவ்வொரு அட்டையையும் கேட்டுப் பார்க்க வேண்டும். அட்டையின் பின்பக்கம் ஏற்கத்தக்க மாற்று விடைகளையும் எழுதுங்கள்: சேர்வராயன், ஷெவராய், இரண்டும் சரி.

பொது அறிவைவிடப் பகலுக்குப் பொருந்துவது விலை சொல்லும் ஆட்டம். வீட்டுக் கணக்குப் பார்க்கிறவரின் அறிவுக்கு அங்கேதான் மதிப்பு. ஒரு கிலோ ஜவ்வரிசி, ஒரு எவர்சில்வர் குண்டா, ஒரு பிளேட் தட்டுவடை செட் என்று பொருளைச் சொன்னால் படம் தேவையில்லை. ஆனால் பொருளை வாயால் காட்ட வேண்டும்: "அஞ்சு லிட்டர் பிடிக்கும், அடி கனமானது, மூடியோடு." இதைச் சொல்லாமல் கேமராவில் காட்டிவிட்டு "இதோட விலை என்ன?" என்றால் தார் சுற்றுகிறவருக்கு ஆட்டம் போச்சு. விலைக்கு ஆதாரம் ஷூட்டிங் அன்று வாங்கிய கடை பில். எம்ஆர்பியா, கடை விலையா என்பதை முதலிலேயே அறிவியுங்கள். வெள்ளிக் கொலுசை மட்டும் இந்த ஆட்டத்தில் வைக்காதீர்கள். சேலத்தில் ஆசை வரும்தான். வெள்ளி விலை தினமும் மாறுகிறது, இன்று எடுத்து மூன்று வாரம் கழித்து ஒளிபரப்பினால், "இந்த ரேட்டு எந்த ஊர்ல?" என்று போன் வரும். அதைப் பரிசாகக் கொடுங்கள், கேள்வியாக வேண்டாம்.

விலை ஆட்டத்தில் வாய்மொழியாக வரிசையில் சொல்லவைத்தால் கடைசி ஆளுக்கு அநியாய லாபம். முந்தியவர் 450 என்றால் கடைசி ஆள் 451 என்று அவர் தலைமேல் உட்கார்ந்துவிடுவார். நாலு பேருக்கும் சிலேட்டு கொடுத்து ஒரே நேரத்தில் எழுதவைத்து, தொகுப்பாளர் நாலையும் உரக்க வாசிக்க வேண்டும். உரக்க என்பது முக்கியம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வைக்காதீர்கள். அமெரிக்காவில் 2008-ல் ஒருவர் பரிசுக் குவியலின் மொத்த விலையை 23,743 டாலர் என்று ஒரு டாலர்கூடப் பிசகாமல் சொன்னார். மோசடி என்று படப்பிடிப்பையே நிறுத்திப் பார்த்தார்கள். பல மாதம் நிகழ்ச்சியைப் பார்த்துக் குறித்துவைத்த நினைவாற்றல்தான் மூலதனம் என்றார் அவர். பொருட்கள் அதே விலையில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. 1984-ல் 'பிரஸ் யுவர் லக்' நிகழ்ச்சியில் நடந்தது இன்னும் மோசம்: 18 கட்டங்களில் ஓடும் விளக்கு தன்னிச்சையாக ஓடுவதுபோல இருந்தாலும் ஐந்தே வரிசைகளில்தான் ஓடியது. வீட்டில் வீடியோவில் பதிவு செய்து அதை மனப்பாடம் பண்ணி வந்தவர் 1,10,237 டாலரை அள்ளிக்கொண்டு போனார். சட்டப்படி அவர்மேல் தப்பே இல்லை, கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

பஸ்ஸர் பெட்டி. நாலு பேருக்கு நாலு 12 வோல்ட் ரிலே (உள்ளே இருக்கும் காயிலில், அதாவது கம்பிச் சுருளில், மின்சாரம் பாய்ந்தால் தானே இழுக்கும் சுவிட்ச்), ஒவ்வொன்றிலும் இரண்டு செட் சேஞ்ச் ஓவர் காண்டாக்ட் (ஒரு பக்கம் மூடியும் மறுபக்கம் திறந்தும் இருந்து, ரிலே இழுத்ததும் இடம் மாறுவது). முதல் செட்டின் மூடியிருக்கும் பக்கங்கள் நாலையும் தொடராக இணைத்து, அந்தச் சங்கிலியின் கடைசி முனையிலிருந்து நாலு பட்டனுக்கும் சப்ளை கொடுங்கள். இரண்டாவது செட்டின் திறந்திருக்கும் பக்கம் வழியாக ஒவ்வொரு ரிலேவும் தன் காயிலுக்கு நேரடியாகச் சப்ளை எடுத்துக்கொள்ளும். ஒருவர் அழுத்தியதும் அவர் ரிலே இழுக்கிறது, சங்கிலி அறுந்து மற்ற மூவர் பட்டனும் செத்துவிடுகிறது, அவர் விளக்கு மட்டும் நின்று எரிகிறது. தொகுப்பாளர் மேசையில் எல்லாச் சப்ளையையும் அறுக்கும் ரீசெட் பட்டன் ஒன்று.

இப்படியே கட்டினால் முதல் நாள் 'கர்ர்ர்' என்று ரிலே நடுங்கும். மூடிய காண்டாக்ட் திறந்து, திறந்த காண்டாக்ட் மூடுவதற்குள் ஓரிரு மில்லி செகண்ட் காயிலுக்குச் சப்ளையே இல்லை. ரிலே விழுந்து, மறுபடி இழுத்து, மறுபடி விழுகிறது. ஒவ்வொரு காயிலுக்கும் குறுக்கே 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் வையுங்கள், அடங்கிவிடும். கூடவே ஒரு 1என்4007 டயோடைத் தலைகீழாகப் போடுங்கள். கெப்பாசிட்டர் இருப்பதால் ரீசெட்டை ஒரு நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும், தட்டிவிட்டு எடுத்தால் போதாது. இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கணத்தில் அழுத்தினால் இரண்டு விளக்கும் எரியலாம். அப்போது கேள்வி ரத்து என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். வாசித்து முடிக்கும்வரை பட்டனை உறங்கவைக்க, பட்டன் சங்கிலியில் ஒரு சுவிட்சைத் தொடராக வைத்து அதைக் கேள்வி வாசிப்பவரிடம் இல்லாமல் உதவியாளரிடம் கொடுங்கள். வாசிக்கும் கை பிசகும்.

விளக்கு மட்டும் எரிந்தால் பகல் ஷோவுக்குப் போதாது. நாலு பேருக்கும் நாலு வேறு ஓசை வேண்டும்: ஒன்று மணி, ஒன்று சைக்கிள் ஹாரன், ஒன்று சங்கு, ஒன்று சாதாரண பஸ்ஸர். மூன்றாம் நாளே சலங்கை கோப்பவர் தலை தூக்காமல் "சங்குக்காரம்மா மறுபடி அடிச்சிட்டாங்க" என்பார்.

சக்கரம் வைப்பதென்றால் 18 மில்லிமீட்டர் பிளைவுட், 4 அடி விட்டம், 20 கட்டம். விளிம்பில் ஒவ்வொரு கட்டத்துக்கும் சுமார் 19 சென்டிமீட்டர் வரும். கட்ட எல்லைகளில் 20 ஆணி, மேலே ஒரு தோல் நாக்கு. அச்சுக்கு இரண்டு 6205 பேரிங். நாக்கை எடுத்துவிட்டுச் சும்மா சுற்றிவிட்டுப் பத்து முறை பாருங்கள். ஒரே கட்டம் திரும்பத் திரும்பக் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். எதிர்ப்பக்கம் பின்னால் நட்டு ஒட்டிச் சமன் செய்யுங்கள். பிறகு 200 முறை சுற்றி எழுதிவையுங்கள். ஒவ்வொரு கட்டமும் சராசரி பத்து முறை வரும். 4 முதல் 16 வரை ஏறி இறங்கினால் இயல்பு, ஒரே கட்டம் 20-ஐத் தாண்டினால் அச்சோ ஆணியோ சரியில்லை. ஒரு முழுச் சுற்று வராவிட்டால் செல்லாது என்பது கட்டாய விதி. நாக்கு ஆணியில் படும் 'டக் டக் டக்... டக்... டக்' தான் சக்கரத்தின் உயிர். அதற்குப் பக்கத்தில் தனி மைக் வையுங்கள். சுழல்வது மெதுவாவது காதுக்கே தெரியும்.

லைவில் போன் எடுத்தால்: அழைப்பவர் டிவியில் தன் குரலைக் கேட்டு உளறுவது ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர் குரல் டிவியில் தாமதமாக வருகிறது. பெரிய சேனல் என்றால் செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, போய் வரவே கால் நொடி. லோக்கல் கேபிளிலும் செட்டாப் பாக்ஸ் வந்தபின், ஒலியும் படமும் டிஜிட்டலாக மாறித் திரும்பி வருவதற்குச் சில நொடிகள். டிவியை அணைத்துவிட்டுப் பேசச் சொல்வதே தீர்வு. ஸ்டூடியோ பக்கம், போனுக்குப் போகும் ஒலியில் அழைப்பவரின் குரல் மட்டும் இருக்கக் கூடாது. மிக்சரில் ஒரு ஆக்ஸ் வழியை (கலந்த ஒலியைத் தனியாக வெளியே அனுப்பும் பாதை) ஒதுக்கி, அதில் போன் சேனலை மட்டும் பூஜ்யத்தில் வையுங்கள். கூகுளில் தேடுவதைத் தடுக்க ஒரே வழி, கேள்வி முடிந்து ஐந்து நொடிக்குள் பதில். விலை ஆட்டத்தில் இந்தத் தொல்லையும் இல்லை. கடை பில்லைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பணம், சட்டம் இரண்டும் சுருக்கமாக. கட்டணம், குலுக்கல், பரிசு மூன்றும் ஒன்றுசேர்ந்தால் அது லாட்டரி. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து தடை. ஆகவே சாதாரண எண், அல்லது தபால் அட்டை. டிவி கேம் ஷோவை வருமான வரிச் சட்டம் 2001-லேயே பெயர் சொல்லி உள்ளே இழுத்துவிட்டது. பரிசுக்கு நேரடியாக 30 சதவீதம், செஸ் தனி. 10,000 ரூபாயைத் தாண்டினால் பரிசு கொடுப்பவரே பிடித்துக் கட்ட வேண்டும். பொருளாகக் கொடுத்தாலும் விடாது: ஒரு லட்ச ரூபாய் ஸ்கூட்டரின் சாவியைக் கொடுப்பதற்கு முன் 30,000 ரூபாய் வரி கட்டியாக வேண்டும். அதை ஜெயித்தவர் கட்டுவதா, ஸ்பான்சர் கட்டுவதா என்று மேடையில் வைத்துப் பேசினால் அழுகையில் முடியும். பகல் ஷோவில் ஒரு பரிசு 10,000-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே சௌகரியம். பாத்திர செட், கைத்தறிச் சேலை, காபித்தூள், கொலுசு. தாராளமாகப் போதும்.

கேமரா, லைட் பற்றிக் கேட்டிருந்தால் ஏமாற்றமாக இருக்கும்: இரண்டு கேமரா, சமமான வெளிச்சம், அத்துடன் விடுங்கள். மிச்சக் காசை மைக்கில் போடுங்கள். ஆளுக்கு ஒரு காலர் மைக், தொகுப்பாளருக்கு இரண்டு. ஒன்று செத்தால் இன்னொன்று.

முதல் வாரத்து ஐந்து எபிசோடையும் எடுத்து வைத்து, ஒளிபரப்புவதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். ஏதாவது ஒரு கொலுசுப் பட்டறையில் அனுமதி வாங்கி, டிவித் திரையைத் துணியால் மூடி, ஒலியை மட்டும் ஓடவிடுங்கள். கையில் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு ஓரமாக உட்காருங்கள். வேலை செய்கிறவர் எந்த இடத்தில் தலை தூக்கித் திரையைத் தேடுகிறாரோ அந்த நிமிடத்தைக் குறியுங்கள். அங்கே தொகுப்பாளர் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை விட்டிருப்பார். எங்கே கையை நிறுத்தாமலே பதிலை முணுமுணுக்கிறாரோ, அந்தச் சுற்றை இன்னும் மூன்று நிமிடம் நீட்டுங்கள்.